சங்கம் வளர்த்தோம், கணக்கு வளர்த்தோமா?

வெளிமாநிலத் தமிழ்ச் சங்கங்களின் ஆண்டு மலர் எதைப் புரட்டினாலும் உத்திரமேரூர் ஒரு கட்டுரையிலாவது தலைகாட்டாமல் இருக்காது. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டப்பட்ட அந்தக் கல்வெட்டுகளைக் காட்டி, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்த கதையைச் சொல்லி, "ஆயிரம் ஆண்டுக்கு முன்பே மக்களாட்சி கண்டவர்கள் நாம்" என்று பெருமிதத்தோடு முடிப்பது வழக்கம். இதே மலரில் நானும் இரண்டு முறை அப்படி எழுதியவன்தான். ஆனால் அந்தக் கல்வெட்டில் நாம் யாரும் மேற்கோள் காட்டாத ஒரு பகுதி உண்டு. யாருடைய பெயரைக் குடத்தில் போடக் கூடாது என்று சொல்லும் பகுதி அது.

அந்தப் பட்டியலில் முதலில் வருபவர் கொலைகாரர் அல்ல, திருடரும் அல்ல. முன்பு ஏதாவது ஒரு வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர். அவர் மட்டுமா? அவருடைய பெரியம்மா சின்னம்மா பிள்ளைகள், அத்தை மாமன் பிள்ளைகள், தாய்மாமன், கூடப் பிறந்தவர், மாமனார், மைத்துனர், மருமகன், தகப்பன், மகன் என்று உறவு முறை சொல்லி அத்தனை பேரையும் விலக்கி வைக்கிறது கல்வெட்டு. கணக்கு எழுதுகிறவனுக்கும் தனி விதி இருக்கிறது. தான் எழுதிய கணக்கைத் தானே வந்து ஒப்புவிக்க வேண்டும். இடையில் வேறொரு கணக்கனை விட்டு முடித்துக்கொள்ளக் கூடாது. நேர்மையானவன் என்று பெரியவர்கள் ஏற்ற பிறகுதான் அவனுக்கு மறுபடி வேலை. இந்த ஒரு விதியை இன்றைக்கு நம் சங்கங்களில் கொண்டுவந்தால் ஆண்டு விழா மேடைக்கு எத்தனை நாற்காலி வேண்டியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். பந்தல்காரருக்கு வாடகை மிச்சம்.

(ஒன்றைச் சொல்லாமல் போனால் நேர்மை ஆகாது. உத்திரமேரூர் ஒரு பிரமதேய ஊர். சொந்த நிலமும் வேதப் படிப்பும் உள்ளவர்களின் சபை அது. தங்கவயலுக்குப் பிழைக்க வந்த பெரும்பாலோரின் முன்னோர் பெயர் அந்தக் குடத்துக்குப் பக்கத்தில்கூடப் போயிருக்காது. ஆகவே பரம்பரைப் பெருமையாக அல்ல, படிக்க வேண்டிய பாடமாகத்தான் அதை எடுத்துக்கொள்கிறேன்.)

இந்தப் பாடம் எனக்கு உறைத்தது ராபர்ட்சன்பேட்டையில். மைசூரில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ராபர்ட்சன் பெயரால் எழுந்த ஊர். சுரங்கக் கம்பெனிகளின் லைன் வீடுகளுக்குப் பக்கத்தில், நேர்கோட்டுத் தெருக்களும் மார்க்கெட்டுமாகத் திட்டமிட்டுக் கட்டிய பேட்டை. வடஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்து வந்த நம்மவர்கள் அங்கே தங்கள் தெய்வங்களையும் தேவாலயங்களையும் கொண்டுவந்தது போலவே சங்கங்களையும் கொண்டுவந்தார்கள். சில சங்கங்கள் அங்கேயே பிறந்தன. அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் சென்னையில் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழுக்குத் தங்கவயல் தொழிலாளர்கள் தந்த ஆதரவும், அவர் மறைவுக்குப் பிறகு 1920களில் அப்பாதுரையார் 'தமிழன்' இதழைத் தங்கவயலிலிருந்தே நடத்தியதும், சித்தார்த்த புத்தகசாலை பண்டிதரின் எழுத்துகளைப் பதிப்பித்ததும் தமிழ்ப் பதிப்பு வரலாற்றில் இடம்பெற்றவை. பூமிக்கு அடியில் வேலை செய்துவிட்டு வந்தவர்கள் சில்லறை சேர்த்து ஒரு பத்திரிகையைத் தாங்கினார்கள் என்றால், அந்தச் சில்லறையை யாரோ ஒருவர் உட்கார்ந்து எண்ணி எழுதியிருக்க வேண்டும் அல்லவா? பத்திரிகையை நினைவு வைத்திருக்கிறோம். எழுதி வைத்தவர்கள் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை.

இனி என் அனுபவத்துக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ராபர்ட்சன்பேட்டையில் ஒரு சங்கத்தின் ஆண்டுப் பேரவைக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம், அதில் நானும் உறுப்பினன். தலைவர் உரை ஒரு மணி நேரம். செயலாளர் அறிக்கை அரை மணி. பொருளாளர் எழுந்தபோது மத்தியானச் சாப்பாட்டு வாசனை வர ஆரம்பித்துவிட்டது. "கணக்கு அச்சடிச்சுக் கொடுத்திருக்கோம், வாசிக்க வேணாம்னு நினைக்கிறேன்" என்றார். கைதட்டல். அப்போது பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா எழுந்தார். கணவர் சுரங்கத்தில் இருந்து நெஞ்சு நோயோடு வீட்டுக்கு வந்து இறந்தவர்.

"தம்பி, லைப்ரரி கட்டடத்துக்குன்னு அவரு பேருல நான் அஞ்சாயிரம் குடுத்தேனே, அது எங்க இருக்குது?"

"அம்மா, எல்லாம் சங்கத்துப் பணம்தாம்மா. கணக்குல சேர்ந்திருக்குது."

"சேர்ந்திருக்குது, சரி. இருக்குதா?"

அந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. ஏனென்றால் பணம் இல்லை. ஆறு ஆண்டுகளாகக் கட்டட நிதி என்று ரசீது போட்டு வாங்கிய பணம், பொங்கல் விழா மண்டப வாடகைக்கும், மைக் செட்டுக்கும், மலர் அச்சுக்கும், கலைஞர்களின் பயணச் செலவுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. தலைவர் முகம் சிவந்துபோனார். "யாராவது ஒரு பைசா தின்னோம்னு சொல்லுங்க பார்க்கலாம்!" என்றார். அவர் சொன்னது முழுக்க உண்மை. வவுச்சர் இருந்தது. ஆடிட்டர் கையெழுத்தும் இருந்தது. யாரும் திருடவில்லை. ஆனாலும் அந்த அம்மாவின் பணம் காணாமல் போயிருந்தது.

நம்மிடையே நிதி அறிவு என்றால் திருடனைப் பிடிக்கும் வித்தை என்றே நினைக்கிறோம். ஆகவேதான் "கணக்கு கொடுங்க" என்று கேட்டவுடன் "என் மேலயே சந்தேகமா?" என்ற பதில் வருகிறது, கேட்டவரும் வெட்கப்பட்டு உட்கார்ந்துவிடுகிறார். பொருளாளராக யாரைப் போடுகிறோம்? நல்லவர், வசதியானவர், அவசரத்துக்குக் கைப்பணம் போடக்கூடியவர். கணக்குத் தெரிந்தவரா என்று கேட்பதில்லை. நல்ல குணம் இருந்தால் திருட்டு நடக்காமல் இருக்கும், அவ்வளவுதான். ஒரு காரியத்துக்கென்று வந்த பணத்தை இன்னொரு காரியத்துக்கு எடுத்தால் அது கடன், அதைத் திருப்பி வைக்க வேண்டும் என்று தெரிவதற்குக் குணம் மட்டும் போதாது. தலைவரும் பொருளாளரும் பொல்லாதவர்கள் அல்ல. மொத்தக் கையிருப்பைப் பார்த்தார்கள்; அந்தக் கையிருப்புக்குள் யார் யாருடைய பணம் இருக்கிறது என்று பார்க்கத் தெரியவில்லை.

இதற்கு ஊரின் வரலாற்றிலும் ஒரு காரணம் இருக்கிறது என்பது என் கருத்து. விருதுநகர், சிவகாசி நாடார் வணிகர்களைப் பாருங்கள். விற்கிற சரக்கின் மேல் 'மகமை' என்று ஒரு பங்கு எடுத்து வைத்து, உறவின்முறைப் பொது நிதியாக்கி, பள்ளிக்கூடம் கட்டினார்கள். 1921-ல் தூத்துக்குடியில் வங்கியே தொடங்கினார்கள். வியாபாரம் செய்யும் சமூகத்துக்குப் பேரேடு வீட்டுப் பாத்திரம் மாதிரி. பிள்ளை தவழும்போதே அதன் மேல்தான் விழுகிறது. சுரங்கத் தொழிலாளிக்குப் பேரேடு என்றைக்கும் எதிராளியின் கையில்தான் இருந்தது. முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்த காண்டிராக்டர் நோட்டு, வட்டிக்காரன் நோட்டு, கம்பெனி ஆஜர் பட்டியல். 1930-ல் எல்லாரும் கைரேகை வைத்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று கம்பெனிகள் சொன்னபோது தங்கவயலே கொதித்து எழுந்து 21 நாள் வேலைநிறுத்தம் செய்தது. அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் ஏட்டில் எழுதுவது என்றாலே நம்மை மடக்குவதற்குத்தான் என்ற எண்ணம், நமக்கு நாமே எழுதிக்கொள்ள வேண்டிய ஏட்டின் மேலும் படிந்துவிட்டதோ என்று தோன்றுகிறது.

இன்னொரு பக்கம், அதே தங்கவயல் கணக்கினால்தான் பிழைத்தது என்பதும் வரலாறு. 1880-ல் லண்டனில் தொடங்கிய மைசூர் கோல்டு மைனிங் கம்பெனி மூன்று ஆண்டுகளில் முதலையெல்லாம் மண்ணில் கொட்டிவிட்டு, 1883 வாக்கில் கையில் சுமார் 13,000 பவுண்டோடு நின்றது. மிச்சத்தையாவது பங்கு பிரித்துக்கொண்டு போகலாம் என்று பங்குதாரர்களில் ஒரு சாரார். ஜான் டெய்லர், அந்தக் கடைசிப் பணத்தையும் ஒரு முறை போட்டுப் பார்க்கலாம் என்று சம்மதிக்க வைத்தார். கேப்டன் பிளம்மர் என்பவர் பழைய குழிகளைத் தொடர்ந்து தோண்டி சாம்பியன் ரீஃப் படிமத்தைக் கண்டார். வெற்றிக் கதை என்பதற்காக இதைச் சொல்லவில்லை, தோற்றும் போயிருக்கலாம். முடிவெடுக்க உட்கார்ந்த எல்லாருக்கும் கையில் எவ்வளவு மிச்சம், அது போனால் என்ன ஆகும் என்பது தெரிந்திருந்தது. தெரிந்தே துணிந்தார்கள். நம் சங்கத்தில் கட்டட நிதியை விழாவுக்கு எடுக்கலாமா என்று பேரவையைக் கேட்டிருந்தால், "எடுங்க, விழாதான் முக்கியம்" என்றே பாதிப் பேர் சொல்லியிருக்கலாம். அப்படியானால் அது முடிவு. கேட்காமல் கரைந்தது வெறும் கசிவு.

தங்கவயல் சங்கங்களில் எனக்கு மிகவும் கவலை தருவது கட்டட நிதிகூட அல்ல, சாவு நிதி. 'மரண சகாய நிதி' என்று போர்டில் எழுதியிருப்பார்கள். ஓர் உறுப்பினர் வீட்டில் சாவு விழுந்தால் எல்லாரும் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, அன்றைக்கே கையில் கொடுப்பது. பறைக்காரர், பூ, பாடை, பெட்டி, சுடுகாட்டுச் செலவு என்று அந்த நேரத்தில் யாரிடமும் கை நீட்டாமல் இருக்க இது பெரிய மானம். நம்மவர்கள் கண்ட ஏற்பாடுகளிலேயே மிக உயர்ந்ததாக இதைத்தான் சொல்வேன்.

கணக்குக்காக ஒன்று வைத்துக்கொள்வோம். 300 குடும்பம், சாவுக்கு 30 ரூபாய், ஆக 9,000. சங்க விதியிலும் 9,000 என்றே எழுதியாயிற்று. உறுப்பினர்கள் எல்லாரும் நாற்பது வயதுக்காரர்களாக இருந்த காலத்தில் ஆண்டுக்கு மூன்று சாவு. ஒருவர் ஆண்டுக்குப் போட வேண்டியது 90 ரூபாய்தான். இருபத்தைந்து ஆண்டு போகட்டும். பிள்ளைகள் பெங்களூருக்கும் ஓசூருக்கும் குடி போய்விட்டார்கள், 200 குடும்பம்தான் பாக்கி. எல்லாருக்கும் வயதாகிவிட்டது, ஆண்டுக்குப் பன்னிரண்டு சாவு. இப்போது ஒரு சாவுக்குச் சேருவது 6,000. விதியில் எழுதியதோ 9,000. ஒவ்வொரு சாவுக்கும் 3,000 குறை, ஆண்டுக்கு 36,000. அதே சமயம் ஒருவர் போட வேண்டியது 90-லிருந்து 360 ஆகிவிட்டது. "நான் எதுக்குப் போடணும், எனக்கு விழுறப்ப சங்கம் இருக்குமா?" என்று இளையவன் கேட்கிறான். அவன் கேட்பதில் தப்பே இல்லை. அவன் விலகினால் குறை இன்னும் பெருகும். முப்பது ஆண்டு ஒழுங்காகப் போட்டுக்கொண்டே வந்த முதியவர், தன் முறை வரும்போது வெறுங்கையோடு நிற்பார்.

இங்கேயும் திருட்டு கிடையாது. உறுப்பினர் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் வயதையும் எழுதிப் பார்த்திருந்தால் பத்து ஆண்டுக்கு முன்பே தெரிந்திருக்கும். இது நமக்கு மட்டும் நேர்ந்த விபத்தும் அல்ல. தங்கவயலுக்கு கேப்டன்களை அனுப்பிய அதே இங்கிலாந்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கான நட்புறவுச் சங்கங்கள் வைத்திருந்தார்கள். நோய்க்கும் சாவுக்கும் உதவி. பல சங்கங்களின் கூட்டம் சாராயக் கடையில். சந்தாவில் ஒரு பங்கு பீருக்கு! வயது பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே சந்தா வாங்கி, உறுப்பினர்கள் கிழடானபோது பல சங்கங்கள் கை விரித்தன. கடைசியில் 1875-ல் சட்டம் போட்டு, ஐந்தாண்டுக்கு ஒரு முறை சங்கத்தின் கடமைகளையும் கையிருப்பையும் எடைபோட்டுப் பதிவாளருக்குக் காட்ட வேண்டும் என்றார்கள். அந்த எடைபோடும் வேலைக்குத்தான் நிபுணர் வேண்டியிருந்தது. நமக்குப் பெரிய நிபுணர்கூட வேண்டாம். எல்.ஐ.சி.யில் வேலை பார்த்த ஒருவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஆனால் அந்த ஒருவரை நாம் அழைப்பது பட்டிமன்றத்துக்கு நடுவராக.

பணத்தை எங்கே வைப்பது என்பதிலும் இதே கதைதான். கூடுதல் வட்டி தருகிறார்கள் என்று தெரிந்தவர் நடத்தும் பைனான்ஸில் சங்கப் பணத்தைப் போடுவது நம் பழக்கம். தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் பைனான்ஸ் கம்பெனிகள் வரிசையாகக் கவிழ்ந்து, 1997-ல் முதலீட்டாளர் பாதுகாப்புக்குத் தனிச் சட்டமே வந்ததை எல்லாரும் பார்த்தோம். வரிவிலக்குப் பெற்ற அறநிறுவனம் தன் பணத்தைச் சட்டம் குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே வைக்கலாம், மீறினால் விலக்கே போய்விடும் என்பதைப் பல கமிட்டிகள் அறிந்திருக்கவில்லை. வங்கி என்று போர்டு இருந்தால் மட்டும் நிம்மதியாக இருந்துவிடவும் முடியாது. 2020 ஜனவரியில் பெங்களூர் குரு ராகவேந்திரா கூட்டுறவு வங்கியில் ஒரு கணக்கிலிருந்து 35,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி தடை போட்டபோது, ஓய்வூதியப் பணத்தைப் போட்டிருந்த எத்தனையோ முதியவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அன்றைக்கு டெபாசிட் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு 1 லட்சம்தான். அடுத்த மாதம்தான் 5 லட்சமாக உயர்ந்தது. ஒரே வங்கியில் எல்லாவற்றையும் குவிக்காதீர்கள் என்று சொல்ல ஒரு கமிட்டிக்கு ஒரு வாய் வேண்டும். டெபாசிட்டைச் சங்கத்தின் பெயரில் போடாமல், தலைவர், பொருளாளர் இருவரின் சொந்தப் பெயரில் போட்டுவிட்டு, இருவரில் ஒருவர் காலமானதும் வாரிசுகளின் பின்னால் அலையும் சங்கங்களைப் பற்றி எழுதினால் இந்த மலர் பத்தாது.

வெளிநாட்டில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் நன்கொடை வேறு. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்புவது வேறு. பின்னது வெளிநாட்டு நன்கொடை. அதற்கு உரிய பதிவோ முன் அனுமதியோ இல்லாத ஊர்ச் சங்கம் அதை வாங்குவதே குற்றம். "நம்ம புள்ளதானே அனுப்பிச்சான்" என்று அன்போடு வாங்கிக்கொண்டு, பிறகு நோட்டீஸ் வந்து விழிக்கிறார்கள்.

இவ்வளவு சொல்வதால் ஆடிட்டர்களையும் பேங்க் மேனேஜர்களையும் பல்லக்கில் ஏற்றுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அந்த அம்மா கேள்வி கேட்ட மறு ஆண்டு, சங்கம் பயந்துபோய் ஓய்வு பெற்ற ஒரு வங்கி அதிகாரியைப் பொருளாளர் ஆக்கியது. திறமைசாலி. பதிவாளருக்கு அனுப்ப வேண்டிய பாக்கி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்தார். கர்நாடக சங்கங்கள் பதிவுச் சட்டம் 1960-ன்படி ஆண்டுதோறும் தணிக்கைக் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் போக வேண்டும் என்பதே பாதிப் பேருக்கு அன்றுதான் தெரிந்தது. அதெல்லாம் சரி. ஆனால் கணக்கைப் பதினான்கு பக்கத்துக்கு ஆங்கிலத்தில் அச்சடித்தார். தேய்மானம் என்றார், திரட்டு வட்டி என்றார். கேள்வி கேட்டவர்களை "இது உங்களுக்குப் புரியாது" என்று உட்கார வைத்தார். ஏழைப் பிள்ளைகளுக்கு ஜூன் மாதம் கொடுக்கும் நோட்டுப் புத்தகம் "வருவாய் இல்லாத இனம்" என்று நிறுத்தப்பட்டது. விழா மண்டபத்துக்கு ஸ்பான்சர் வந்ததால் அது நின்றபாடில்லை. முன்பு கணக்கு இல்லாததால் உறுப்பினர்கள் வாய் மூடியிருந்தார்கள். இப்போது கணக்கு இருந்ததால் வாய் மூடினார்கள். எனக்கென்னவோ இரண்டாவதுதான் ஆபத்தானது என்று படுகிறது. சங்கம் லாபத்துக்கு நடப்பதல்ல. எது வீண் செலவு, எது சங்கம் இருப்பதன் காரணம் என்பதை எந்த ஐந்தொகையும் சொல்லாது. அதைப் பேரவைதான் சொல்ல வேண்டும். பேரவை சொல்ல வேண்டுமென்றால் எண்கள் அதன் பாஷையில் வர வேண்டும்.

எண்களைப் பிறர் வாயால் கேட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தங்கவயலைவிட வேறு சாட்சி வேண்டுமா? சுரங்கங்கள் 1956-ல் மைசூர் அரசிடமும், 1962-ல் மத்திய அரசிடமும் வந்து, 1972-ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆயின. "நஷ்டம், நஷ்டம்" என்ற சொல்லை மட்டும் தலைமுறை தலைமுறையாகக் கேட்டோம். தாதுவின் வளம் குறைந்ததும், ஆழம் மூன்று கிலோமீட்டரைத் தாண்டியதும் உண்மை. ஆனால் அறுபதுகளில் எடுத்த தங்கம் உள்நாட்டுச் சந்தை விலையைவிட மிகக் குறைந்த சர்வதேச விலைக்கு அரசிடம் ஒப்படைக்கப்பட்டதும் உண்மைதானே. அந்த விலையை மாற்றிப் போட்டால் 'நஷ்டம்' என்ற வரி எப்படி மாறும் என்று ஒரு லைன் வீட்டுத் திண்ணையில் யாராவது கூட்டிக் கழித்துக் காட்டியிருந்தால் போராட்ட மேடைகளின் பேச்சே வேறாக இருந்திருக்கும். 2001 பிப்ரவரி 28-ல் எல்லாம் மூடப்பட்டது. தொழிலாளர்கள் கூட்டுறவு அமைத்துத் தாங்களே நடத்துகிறோம் என்று கேட்டார்கள், நீதிமன்றம் போனார்கள். வழக்கு நீண்டு, 2013-ல் உச்ச நீதிமன்றம் உலகளாவிய டெண்டருக்கு வழி விட்டது. மலையைக் குடையத் தெரிந்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். தியாகம் செய்யத் தயாரானவர்களும் இருந்தார்கள். சுரங்கத்தில் நீர் இறைக்க மாதம் எவ்வளவு, மூலதனம் எங்கிருந்து, முதல் தங்கம் வரும்வரை எத்தனை மாதம் தாங்க வேண்டும் என்ற கணக்கை எழுதத் தெரிந்தவர்களை நாம் எத்தனை பேர் வளர்த்து வைத்திருந்தோம்? கணக்கு இருந்தால் மட்டும் வென்றிருப்போம் என்று நான் சொல்லவில்லை. மூலதனம் இல்லாதவனுக்கு உலகம் அத்தனை எளிதாக வழி விடாது. ஆனால் பேச்சாளர்களை வளர்க்க நாம் செலவழித்த ஆண்டுகளில் ஒரு பத்தைக் கணக்கர்களுக்குக் கொடுத்திருக்கலாம்.

இன்றைக்கு ராபர்ட்சன்பேட்டையில் படித்த பிள்ளைகளுக்குக் குறைவில்லை. மாரிக்குப்பத்திலிருந்து விடியற்காலை ரயிலேறிப் பெங்களூர் போய் இரவு திரும்புகிறவர்களில் எத்தனையோ பேர் கம்பெனிகளின் அக்கவுண்ட்ஸ் பிரிவில் வேலை செய்கிறார்கள். ஊரான் கணக்கையெல்லாம் காசு பிசகாமல் பார்க்கிறார்கள். அவர்களில் ஒரு பெண்ணைத்தான் நான் சொன்ன சங்கம் பிறகு பொருளாளராகத் தேர்ந்தெடுத்தது. "பொம்பளப் புள்ள, ராத்திரி மீட்டிங்குக்கு வர முடியுமா?" என்று ஆட்சேபம் வந்தது. "மீட்டிங்க ஞாயித்துக்கிழம காலையில வைங்க அண்ணா" என்றாள், முடிந்தது. ரயிலில் உட்கார்ந்தே கணக்கு எழுதினாள். சென்ற பேரவையில் அவள் கொடுத்தது ஒரே ஒரு தாள். தமிழில். பொது நிதி தனி, சாவு நிதி தனி, நூலகக் கட்டட நிதி தனி. சாவு நிதிக்குக் கீழே உறுப்பினர்களில் அறுபது வயதைத் தாண்டியவர்கள் எத்தனை பேர் என்று ஒரு வரி. கட்டட நிதிக்குக் கீழே, "கையில் உள்ளது: இல்லை. பொது நிதி திருப்பித் தர வேண்டியது" என்று எழுதி, பக்கத்தில் தொகை.

பழைய கமிட்டிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். மானம் போகிறது என்றார்கள். தாளை மைக்கில் அவளே முழுக்க வாசித்தாள், சாப்பாட்டுக்கு முன்னால். பின்வரிசையில் அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரல் வைத்து அந்த வரியைக் கண்டுபிடித்து, எழுந்து நின்றார்.

"சரிம்மா, எழுதிட்ட. எப்பத் திருப்பி வைப்பீங்க?"

"வருஷத்துக்கு இவ்வளவுன்னு ஒரு கணக்குப் போட்டு வெச்சிருக்கேன் ஆத்தா. ஒத்துக்கிறீங்களான்னு எல்லாரையும் கேக்கணும்" என்றாள் அவள். அன்று சாப்பாடு ஒன்றரை மணி நேரம் தாமதம்.